ஒரு மில்லியில் எவ்வளவு? மருந்தியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருந்தியல் கற்பிக்கும் உங்களுக்கு, பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலுமாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி எழுதும் மடல் இது. உங்களிடம் படித்துவிட்டு வார்டுக்கு வரும் பிள்ளைகள் மருந்தின் பெயரையும் செயலையும் பக்கவிளைவையும் தடையில்லாமல் சொல்கிறார்கள். கையில் ஓர் ஆம்பூலை (ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை) கொடுத்து, இதில் எத்தனை மில்லி எடுப்பாய் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு வராது என்று நான் நம்பவில்லை. ஆறாம் வகுப்பில் ஓரலகு முறையில் கணக்குப் போட்ட பிள்ளைகள்தானே! அந்த முறையை நாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாய்பாட்டை மட்டும் கையில் கொடுக்கிறோம் என்பதே என் மனக்குறை.

தேவையான அளவை இருக்கும் அளவால் வகுத்துக் கொள்ளளவால் பெருக்கு என்னும் அந்த வாய்பாட்டில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வினாத்தாளில் மூன்று எண்களும் வரிசையாக அச்சிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும். வார்டிலோ, லேபிளிலிருந்து அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். மக்னீசியம் சல்ஃபேட்டையே எடுத்துக்கொள்வோம். பேறுகால வலிப்பு வந்த தாய்க்கு முதலில் 4 கிராம், 20 சதவீதக் கரைசலாக, சிரைவழியே மெதுவாகச் செலுத்த வேண்டும். ஆம்பூலில் இருப்பதோ "50 சதவீதம், 2 மி.லி." என்ற குறிப்பு. 100 மில்லியில் 50 கிராம் என்றால் ஒரு மில்லியில் அரை கிராம், ஓர் ஆம்பூலில் ஒரு கிராம், ஆகவே நான்கு ஆம்பூல், 8 மி.லி.; அதனுடன் 12 மி.லி. நீர் சேர்த்தால் 20 மி.லி. ஆகும், கரைசலும் 20 சதவீதமாகும்.

இந்த இடத்தில் ஒரு மாணவி, மருந்து 8 மி.லி.யுடன் 20 மி.லி. நீர் சேர்த்து 28 மி.லி. கரைசல் தயாரித்ததை நானே பார்த்துத் தடுத்திருக்கிறேன். அதிலிருந்து 20 மி.லி. மட்டும் செலுத்தியிருந்தால், தாய்க்குப் போயிருக்கக்கூடியது ஏறத்தாழ 2.9 கிராம்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். "20 மி.லி.யில் கலக்கு" என்று நாம்தான் வாய்க்கு வந்தபடி சொல்கிறோம், "20 மி.லி. ஆகும்வரை சேர்" என்று சொல்லியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திராது.

ஆகவே எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும், வாய்பாட்டுக்கு முன்னால், "ஒரு மில்லியில் எவ்வளவு?" என்ற கேள்வியை மாணவர் வாய்விட்டுக் கேட்டுப் பழக வேண்டும் என்று வேண்டுகிறேன். நம் நாட்டில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட்டாகவும் வருகிறது, 100 யூனிட்டாகவும் வருகிறது. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். அட்ரினலின் ஆம்பூலில் 1:1000 என்று இருந்தால் 1000 மில்லியில் ஒரு கிராம், மில்லிக்கு ஒரு மில்லிகிராம். பச்சிளங்குழந்தையை மீட்பதற்கு வேண்டியது 1:10,000, அதில் பத்தில் ஒரு பங்குதான். இந்த விகிதக் குறிப்பு குழப்புகிறது என்பதால்தான் அமெரிக்காவில் 2016-இல் இத்தகைய லேபிள்களிலிருந்து அதை நீக்கி, மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதச் செய்தார்கள். பாராசிட்டமாலில் 5 மில்லிக்கு 250 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, ஒரு மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் உண்டு. 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. வேண்டுமென்றால் சிரப்பில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டு 3 மி.லி. கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். டிரிப் கணக்கிலும் கேள்வி ஏறக்குறைய இதுவே, மில்லிக்கு எத்தனை துளி என்பதுதான் வேறு: மில்லிக்கு 20 துளி விழும் செட்டில் 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 42 துளி, 15 துளி செட்டில் 31.

விடை வந்த பிறகு அதை ஒருமுறை சந்தேகிக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு வேளை மருந்துக்கு ஐந்தாறு ஆம்பூல் உடைக்க வேண்டுமென்று கணக்குச் சொன்னால் கை நிற்க வேண்டும், இன்னொருவரைக் கூப்பிட்டுத் தனியாகக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். (வலிப்பு வந்த தாய்க்குத் தசைவழி போடும் 10 கிராமையும் சேர்த்தால் மக்னீசியத்துக்கு உண்மையிலேயே 14 ஆம்பூல் உடைக்க வேண்டியிருக்கும். அதனால் இந்த விதியைக் கண்மூடிப் பின்பற்றவும் முடியாது.)

தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி என்னும் வழக்கம் மருந்தியல் பாடத்துக்குப் பொருந்தலாம். மருந்தளவுக் கணக்குக்குப் பொருந்தாது. பிரிட்டனின் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் மன்றம் 2018-இல் வகுத்த கல்வித் தரநெறிகளில், மருந்தளவைக் கணக்கிடும் எண்ணறிவுத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தே தேற வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் பாடத்திட்டம் மாறும்வரை காத்திராமல், உள்மதிப்பீட்டு அளவிலேனும் பத்துக் கணக்கு கொண்ட தனித் தேர்வொன்றை ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் வைக்கலாம். அதில் எண்களை எடுத்துக் கொடுக்காமல் லேபிளின் நிழற்படத்தை மட்டும் அச்சிடுங்கள். பத்தும் சரியாக வரும்வரை, தோல்வி என்ற முத்திரை குத்தாமல், மீண்டும் மீண்டும் எழுத விடுங்கள். அரை மில்லிகிராமை ".5" என்று எழுதினாலோ, ஐந்தை "5.0" என்று எழுதினாலோ, விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் தராதீர்கள். அவசரத்தில் அந்தப் புள்ளி கண்ணில் படாமல் போனால் ஒரேயடியாகப் பத்து மடங்கு ஏறிவிடும்.

இப்படிப்பட்ட வினாக்கள் சிலவற்றைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்