முடிந்ததா என்று கேட்டால் முடிந்ததா?

திருகோணமலை,
ஆடி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். இங்கு நாங்கள் நலம். கச்சான் காற்று ஓயாமல் வீசுவதால் விறாந்தையில் சீட்டுகளைப் பரப்பினால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பியை வைக்க வேண்டியிருக்கிறது.

‘வாம்பயர்: த எடர்னல் ஸ்ட்ரகிள்’ என்ற அந்த இரத்தக்காட்டேரிச் சீட்டு விளையாட்டு இன்னும் நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். நடக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் ஐந்து பேர் கூடுகிறோம், ஆளுக்கு முப்பது புளியங்கொட்டைதான் உயிர்க்கணக்கு, அது தீர்ந்தவர் வெளியேற வேண்டும். விதிநூல் என் அலுமாரியில் இருந்த ஒரே காரணத்தால், யாரும் கேளாமலே நான் நடுவனாகிவிட்டேன். 304 விளையாடிய காலத்தில் துரும்பைப் பற்றி நாம் போட்ட சண்டைகளெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

சண்டைகளில் பாதிக்கு உன் சீட்டுப் பெட்டிதான் காரணம். 1994இல் ‘ஜிஹாத்’ என்ற பெயரில் விளையாட்டு முதன்முதலாக வந்தபோது அச்சான சீட்டுகளும், 2010இல் நின்றுபோனதை பிளாக் சான்ட்ரி நிறுவனத்தார் 2018 முதல் மீண்டும் வெளியிடத் தொடங்கிய பின் உன் மகன் வாங்கியனுப்பியவையும் அதில் கலந்து கிடக்கின்றன. பயன்படுத்திய சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிவைப்பது பழையதில் ‘டாப்’ என்றும் புதியதில் ‘லொக்’ என்றும் இருக்கிறது; அது வெறும் பெயர் மாற்றம்தான். ஆனால் சில சீட்டுகளில் வாசகமே மாறியிருக்கிறது. பழைய பிரதியைப் பிடித்திருப்பவர், விதிநூலும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் வாசகமே செல்லும் என்ற தங்க விதியைக் காட்டி, தன் கையிலுள்ள அச்சே சட்டம் என்கிறார். சீட்டுத்தான் சட்டம், ஆனால் கடைசியாகத் திருத்தப்பட்ட வாசகமே எல்லா அச்சுக்கும் பொருந்தும் என்பதை அவர்களுக்கு விளங்கவைக்க எனக்கு இரண்டு மாதம் சென்றது.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நம் கணக்கு வாத்தியாரின் வலப்பக்கத்தில் வங்கியில் வேலை பார்க்கும் தம்பி இருந்தான். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் இடப்பக்கத்தில் இருப்பவரைத்தான் வீழ்த்தப் பார்ப்பார்; அதாவது அவன் வேடன், வாத்தியார் அவனுடைய இரை. வாத்தியாரின் இடப்பக்கத்தில் நான். தம்பியின் காட்டேரி அவரை இரண்டுக்கு ‘பிளீட்’ செய்தது, அதாவது இரண்டு கொட்டைகளைப் பறிக்கத் தாக்கியது. அவர் முன்னால் மூன்று புளியங்கொட்டைகளே இருந்தன. ‘தடுக்கவில்லை’ என்றார். தம்பி கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தபடி ‘முடிந்ததா?’ என்று கேட்டான். வாத்தியார் இரண்டு கொட்டைகளை எடுத்துத் தகரப் பேணிக்கு மேலே கொண்டுபோனார். அவை விழுவதற்குள் தம்பி பிளீட்டை இரண்டால் கூட்டும் சீட்டைப் போட்டான். வாத்தியார் உடனே, பிளீட்டை வேறொருவர் பக்கம் திருப்பிவிடும் சீட்டைக் காட்டி, ‘முதலிலேயே கூட்டியிருந்தால் நான் இதைப் போட்டிருப்பேனே’ என்றார்.

கொட்டை பேணியில் விழாததால் செயல் முடியவில்லை, ஆகவே தம்பியின் சீட்டு செல்லும் என்றும், தருவதற்குச் சம்மதித்துவிட்டதால் வாத்தியாரின் சீட்டு செல்லாது என்றும் தீர்ப்புச் சொன்னேன். வாத்தியார் வெளியேறினார், தம்பிக்கு ஒரு வெற்றிப் புள்ளியும் ஆறு கொட்டைகளும் கிடைத்தன, இடையில் இருந்தவர் போனதால் அந்த ஆறு கொட்டைகளோடு அவன் எனக்கே வேடனாக வந்து சேர்ந்தான். அதனால் நான் பக்கம் சார்ந்தேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரவு விதிநூலை விரித்துப் பார்த்தால் தீர்ப்பின் இரண்டு பகுதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்காது. செயல் செய்பவருக்கே எப்போதும் முதல் வாய்ப்பு. அவர் விட்டால் தாக்கப்படுபவருக்கு. இருவரும் அடுத்தடுத்து விட்டுவிட்டு வேறு எவரும் எதையும் போடாவிட்டால் செயல் நிறைவேறிவிடும். யாராவது ஒரு சீட்டைப் போட்டால் வாய்ப்பு மீண்டும் செயல் செய்பவரிடமிருந்தே தொடங்கும். ஆகையால் தம்பியின் கேள்வியை விட்டுக்கொடுத்தலாகக் கொண்டால் அவன் பின்னால் கூட்டியிருக்க முடியாது. அதை வெறும் கேள்வியாகக் கொண்டால், அவன் கூட்டிய பின் வாத்தியாருக்குத் திருப்பும் உரிமை மறுபடி திறந்திருக்கும். நானோ இரண்டு பாதைகளிலும் தம்பிக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் பிழையை ஒப்புக்கொண்டேன். தம்பியின் புள்ளி குறையுமா என்று வாத்தியார் கேட்டார். முடிந்துபோன ஆட்டத்தைப் பின்னுக்கு இழுக்க முடியாது என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் இப்போது விதிநூலின் போட்டோப் பிரதியொன்றைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறார். செயல் செய்பவர் ‘விட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறேன்.

வாக்குறுதி வழக்குகளை மட்டும் நான் தொடுவதில்லை. ‘இந்தச் சுற்றில் உன்னைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடித்தான்’ என்று வருவார்கள். மேசையில் பேசிய ஒப்பந்தங்களை விதி கட்டாயப்படுத்துவதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். இதில் வாத்தியாருக்கு உடன்பாடில்லை. சொன்ன சொல் விளையாட்டிலும் சொல்தானாம்.

போன ஞாயிறு அவரும் தம்பியும் ஒரே காட்டேரியை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவரிடம் மட்டுமே இருக்கக்கூடிய தனித்துவமான சீட்டு உன் பெட்டியில் இரண்டு பிரதியாக இருந்தால் வேறென்ன நடக்கும்? இரண்டையும் கவிழ்த்துவைத்து, விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஒரு கொட்டை கொடுக்க வேண்டும். நான்கு சுற்று கழிந்தும் இருவரும் விடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு கொட்டையைப் பேணியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. நடுவனுக்கு வேலையில்லாததால் நான் எழுந்து தேநீர் போடக் குசினிக்குப் போனேன்.

உன் அன்பு நண்பன்