பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்: பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பெரும்பாலானவர்களை என்னிடம் அழைத்து வருவதே ஒன்பதாம் வகுப்பின் கடைசியிலோ பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலோதான். பொதுத்தேர்வு வருகிறது, சலுகை கிடைக்கும், அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருப்பது பதினான்கு வயதில்தான் தெரியவர வேண்டுமா? இதை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அண்மையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டைப் பார்த்தேன். கரும்பலகையில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதியிருந்தான். குண்டு குண்டான அழகான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையெழுத்து. அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னேன். ‘பெட்டி’யைப் ‘பாட்டி’ என்றான், ‘கேட்டான்’ என்பதைக் ‘கட்டினான்’ என்றான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். சரி என்று அதே பாடத்தை நான் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், ஒன்றிரண்டுக்கு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சொன்னான். அமைதியாக உட்கார்ந்து பார்த்து எழுதும் இப்படிப்பட்ட பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை.

தமிழை எழுதியிருப்பதுபோலவே வாசிக்கிறோம், அதனால் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியா வராது என்று ஆசிரியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மை அப்படி இல்லை. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறிகள் நின்று ஒரே உயிரைக் காட்டுகின்றன. அதே ‘க’ ‘கல்’லில் ஒரு மாதிரி ஒலிக்கிறது, ‘தங்க’த்தில் வேறு மாதிரி, ‘பக’லில் இன்னொரு மாதிரி. போதாததற்கு வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் சில வருடங்களில் தாண்டிவிடுவார்கள். சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் சிரமம் உள்ள பிள்ளை இங்கேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் இது தப்புத்தப்பான ஸ்பெல்லிங்காகச் சீக்கிரம் வெளியே தெரியும். தமிழில் பல நேரம் வெறும் தாமதமாகத்தான் தெரியும். திக்கித் திணறி வாசித்து முடிப்பதற்குள் பாட வேளை முடிந்துவிடும்.

இது மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் வேறுபாடு. பெரும்பாலும் குடும்பத்தில் ஓடிவருவது. பிள்ளையைக் கூட்டிவரும் அப்பா, “எனக்கும் சின்ன வயசில படிப்பு ஏறலைங்க” என்று தயங்கித் தயங்கிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அம்மா செல்லம் கொடுத்ததாலோ பிள்ளையின் சோம்பலாலோ வருவதில்லை, அறிவு குறைவு என்பதும் பொருளில்லை. 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர் பெர்சிகளை நாமும் அதே 14 வயதில்தான் கண்டுபிடிக்கிறோம்.

சட்டத்தில் குறை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையாக இருந்த பட்டியலை 21 ஆக்கியது, டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடு அதில் சேர்ந்தது. இதைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று 16-ஆவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலே எட்டு வயதில் சான்றிதழ் கொடுக்க வழி செய்தது. ஆனால் நடைமுறையில் எல்லாமே பத்தாம் வகுப்புத் தேர்வைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. இவை கட்டாயம் வேண்டும், ஒன்றைக்கூடக் குறைத்துவிடாதீர்கள். அதே சமயம் இவற்றில் எதுவும் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தருவதில்லை.

சீக்கிரம் கண்டுபிடிக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2022-இல் தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்த எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது பிள்ளைகளை அரும்பு (அடிநிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்தீர்கள். மருத்துவர்கள் கையாளும் டி.எஸ்.எம்.-5 கையேடு, கற்றல் குறைபாடு என்று முடிவு செய்ய ஒரு முக்கிய நிபந்தனை வைக்கிறது: தனிக்கவனம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பிறகும் சிரமம் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்று ஒவ்வொரு பள்ளியிலும் பதிவு இருக்குமே! அதே கையேட்டின்படி பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு கற்றல் குறைபாடு இருக்கலாம். முப்பது பேர் வகுப்பில் ஒருவராவது இருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி நிற்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். சிலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மற்றவர்களை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் தமிழிலேயே சோதிக்கட்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த தாள் உதவாது, கொம்பும் துணைக்காலும் அதில் வராது. ‘தமுகி’, ‘கேபனு’ என்று பொருளில்லாத சொற்களையும் வாசிக்கச் சொல்ல வேண்டும். பாடத்தை மனப்பாடம் செய்து சமாளிக்கும் பிள்ளை அங்கேதான் மாட்டும். அப்புறம்தான் உளவியலாளரும் மருத்துவக் குழுவும். அந்தக் குழு மாவட்டத் தலைநகரில் மட்டும் உட்காராமல் ஒன்றியத்துக்கு வந்தால், கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

இதற்கு மருந்து, மாத்திரை கிடையாது, கற்பித்தல்தான். தினமும் அரை மணி நேரம், நான்கைந்து பிள்ளைகள். சொல்லைக் கைதட்டி ஒலிகளாகப் பிரிப்பது, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு உயிர்க்குறி, வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவது, நேற்றையதை இன்றும் தொட்டுப் பார்ப்பது. சலிக்காமல் இதைச் செய்தால் பிள்ளைகள் முன்னேறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். பல பள்ளிகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர் அலைந்தால் அந்தத் தினசரி அரை மணி நேரம் கிடைக்காது. அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பணியை நிரந்தரமாக்குங்கள். அதுவரை ஒன்று முதல் மூன்று வகுப்பு ஆசிரியர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுங்கள்.

ஆள் நியமனத்துக்கு நிதி வேண்டும், காலம் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுக்க எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் அதை எடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசிப்பு சொல்லித்தரும் ஓர் ஆசிரியர்