பச்சை உடம்பென்று பெற்றவளைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை இன்குபேட்டரில் வைத்தாயிற்று, இனி டாக்டர் பார்த்துக்கொள்வார், பெற்றவள் வீட்டில் படுத்துப் பத்தியம் சாப்பிடட்டும், பாலை மட்டும் கறந்து கொடுத்தனுப்பினால் போதும் என்றுதான் நம் வீடுகளில் இன்னமும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையைத் தாய் தன் வெறும் நெஞ்சில் அணைத்து வைத்திருக்கும் ‘கங்காரு பராமரிப்பு’ என்று ஒன்று இருக்கிறது. முக்கியமாக என் வயதுப் பாட்டிமார்களிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

என் பேத்தி 31 வாரத்தில் பிறந்தவள். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ள வாருங்கள் என்று வார்டு தாதியர் என் மகளைக் கூப்பிட்டபோது, பச்சை உடம்போடு ஏர்கோனில் உட்கார்ந்தால் ஜன்னி கண்டுவிடும் என்று உறவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். காலுறை போட்டு, சால்வை போர்த்தி, மிளகு ரசத்தைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்து நான் அனுப்பினேன். ஒன்றும் ஆகவில்லை.

நடப்பது இவ்வளவுதான். பம்பர்ஸும் தொப்பியும் மட்டும் போட்ட பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, மூச்சு தடைபடாமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, மேலே துணி சுற்றிவிடுவார்கள். குறைமாதப் பிள்ளைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, தாயின் சூடு அதைக் காக்கும், மூச்சும் இதயத் துடிப்பும் சீராகும், அம்மாவுக்குப் பாலும் நன்றாக ஊறும். அப்பாவின் நெஞ்சிலும் வைக்கலாம், அதற்கு எந்தக் கூச்சமும் வேண்டாம்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் போதாமல்தான் டாக்டர் எட்கர் ரே இதை ஆரம்பித்தார். அதனால் வசதியில்லாத இடத்து வைத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. உடல்நிலை சீரான பிறகு அணைக்கத் தொடங்கிய பிள்ளைகளில் முதல் 28 நாளுக்குள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 16 பேர் இறந்தார்கள். பிறந்த உடனேயே தொடங்கியவர்களில் 12 பேர். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடமே உலகச் சுகாதார நிறுவனம், முடிந்தவரை சீக்கிரம் தொடங்குங்கள், ஒரு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அணைத்திருங்கள் என்று பரிந்துரைத்தது.

எட்டு மணி நேரம்! வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தாயால் அது எப்படி முடியும்? வீட்டில் மூத்த பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், சாப்பாடு போய்ச் சேர வேண்டும், சிசேரியன் தையலோடு இருப்பவளை யாராவது காரில் கொண்டுபோய் விட வேண்டும். பாட்டிகளே, நம் வேலை இதுதான். பத்தியத்தை விடச் சொல்லவில்லை, டிபன் கேரியரில் கொடுத்து அனுப்புங்கள் என்கிறேன்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றவர்களுக்குப் பார்வையாளர் நேரம் என்று கணக்குப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு இன்குபேட்டர் பக்கத்திலும் சாய்ந்து உட்காரும் நாற்காலியும் மறைப்புக்கு ஒரு திரையும் போடுங்கள். அப்புறம் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: மலேசியாவில் 2023இலிருந்து பேறுகால விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள், சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை வார்டில் கிடக்கும் வாரங்களிலேயே அது கரைந்துபோகிறது. குறைமாதப் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த வாரங்களைத் தனி விடுப்பாகக் கூட்டித் தரும்படி மக்களவையில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
செந்தூல், கோலாலம்பூர்