புக்கிட் பிரவுனைச் சீராக்கிவிடாதீர்கள்

சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம். புக்கிட் பிரவுன் இடுகாட்டில் என்றாவது வீடுகள் எழும் என்பது உங்கள் நீண்டகாலத் திட்டம். வேண்டாம் என்று மல்லுக்கட்ட வரவில்லை. பிடாடரியில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் கல்லறைகள் இருந்த மண்ணில்தான் இன்று நம் பிள்ளைகள் வீடு வாங்குகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நாள் வரும்வரை அங்கே கத்தரியும் சிமெண்டும் போக வேண்டாம்.

1922இல் திறந்து 1973இல் மூடிய இடம் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் சீனக் கல்லறைகள். ஆள் நடமாட்டம் குறையக் குறைய காடு உள்ளே வந்துவிட்டது. கிறிஸ்மஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கங்களுக்கு ஆள் அனுப்பிப் பொருள் சேர்த்த ஓங் சாம் லியோங்கின் கல்லறைதான் அங்கே ஆகப் பெரியது. வேறு சரிவுகளில் தாத்தா யார், பேரன் யார் என்று தெரியாதபடி எழுத்து தேய்ந்த சின்னக் கற்கள். பெரணி இரண்டையும் ஒன்றுபோலத்தான் மூடுகிறது. சில கல்லறைகளின் முன் தலைப்பாகையும் துப்பாக்கியுமாகச் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. எஜமானைப் பாசி பிடிப்பதை அவர்களாலும் தடுக்க முடியவில்லை, பாவம்!

சுவா சூ காங் இடுகாட்டில் இன்று புதைத்தால் 15 ஆண்டுதான் தவணை; பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். எரிக்கும் வழக்கமுள்ள நம்மவர் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அதுவும் சரிதான். ஆனால் சாவுக்கு வயதாவதைப் பார்க்க இந்தத் தீவில் வேறு எங்கே போவது? நம் பழம்பாட்டுச் சுடுகாடுகளில் கள்ளியும் கூகையும் இல்லாமல் இருக்காது. புல் வெட்டி, விளக்குக் கம்பம் நட்டு, நடைபாதை போட்டால் அங்கே மிஞ்சுவது இன்னொரு பூங்கா. பூங்காவுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

புக்கிட் பிரவுன் வழியே போட்ட நெடுஞ்சாலைக்காக ஏறக்குறைய 4,000 கல்லறைகள் போயின. ஆனாலும் 2018இல் திறந்த அந்தச் சாலையின் ஒரு பகுதியைப் பாலமாக உயர்த்தி, அடியில் ஓடையும் விலங்குகளும் போக அரசு வழிவிட்டது. அந்த அக்கறை இங்கேயும் வேண்டும்.

சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங் மிங் சமயத்தில் குடும்பத்தார் வந்து தங்கள் கல்லறையைச் சுற்றிச் செடிகளை வெட்டிக்கொள்வார்கள். அந்த வெட்டு போதும். நடப்பவர் தலையில் விழக்கூடிய மரமென்றால் தாராளமாக வெட்டுங்கள்; ஆனால் லாரியில் ஏற்றிவிடாமல் அங்கேயே கிடக்க விடுங்கள். மக்கும் மரத்தில் வண்டுக்கும் காளானுக்கும் பங்குண்டு. இந்த ஏற்பாட்டைப் பராமரிப்புக் குத்தகையிலேயே எழுதிச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோ பாயோவாசி ஒருவர்