பலூன் கீழே விழுந்துவிட்டது

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அது உண்மையும் இல்லை. உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்ல மனம் துணியவில்லை. நேற்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. புது வீட்டுக் கூடத்தில், பெரிய ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க, காமிக்ஸ் ஓவியர்கள் அச்சுக்காகக் கையால் வரைந்த மூலச் சித்திரங்களை மாட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடுவது பாவம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆணி அடித்திருந்தால் அது சுவரிலேயே இருக்கட்டும். படங்களை மட்டும் இன்றே இறக்கி வை.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கையெழுத்து உன்னுடையதைவிட மோசம். நெட்டையன் அந்தக் குடையை இன்னும் திருப்பித் தரவில்லை. மற்றதெல்லாம் நேரில்.

விஷயம் இதுதான். நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று ஓர் அட்டைப்படமும் ஓர் உள்பக்கமும் கொண்டுவந்து கொடுத்தாயே, அதில் அட்டைப்படத்தை நான் பாழாக்கிவிட்டேன்.

கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அதைப் பதினோரு வருடம் மாட்டி வைத்திருந்தேன். காலை வெயில் அதன்மேல் விழும்போது வண்ணங்கள் அப்படி ஜொலிக்கும். வருகிறவர்களை அந்த நேரத்தில் அழைத்துப்போய்க் காட்டுவேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றமே தெரியவில்லை. பிரேமைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையின் ஓரம் படத்தின் இடப்பக்கத்தில் நாலு மில்லிமீட்டர் ஏறி உட்கார்ந்திருந்தது. நாயகனின் மேலங்கி நுனி அந்த ஓரம்வரை பறந்துபோகும், நினைவிருக்கிறதா? அட்டையைத் தூக்கினேன். அதற்கடியில் ஒரு கோடு, பழுத்த மிளகாய்ச் சிவப்பில். நீ கொடுத்த நாளில் மேலங்கி முழுவதும் இருந்த சிவப்பு அது. கோட்டைத் தாண்டினால் மீதி மேலங்கி முழுவதும் சாயம் போன துணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. காகிதச் சித்திரங்களைப் பழுது பார்க்கும் வல்லுநர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். கறையை எடுக்கலாம், கிழிசலை ஒட்டலாம், வெளுத்த சாயத்தை மட்டும் எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டார். உள்பக்கத்துக் கறுப்பு மை அப்படியே இருக்கிறது. காரணம், அது கரித்தூளில் செய்த இந்தியன் இங்க். கரி எளிதில் வெளுக்காது. அட்டைப்படத்துக்கு ஓவியர் பயன்படுத்தியது சாய மை. மார்க்கர் பேனாக்களில் பெரும்பாலானவையும் சாயம்தான். உன்னிடம் உள்ள மூன்றில் அந்தக் குதிரைப் படம் மார்க்கரில் வரைந்தது, இல்லையா? உன் ஜன்னலை நினைத்தால் எனக்கு அதைப் பற்றித்தான் பயம்.

எனக்கு உறைத்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். காகிதத்தில் வரைந்த, எளிதில் வெளுக்கும் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வெளிச்ச அளவு சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 365 நாள் காட்டினால் ஒரு வருடத்துக்கு 1,46,000 லக்ஸ் மணி ஆகிறது. நேர் வெயில் 50,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் (உச்சி வெயில் இதைப் போல இரண்டு மடங்குகூடப் போகும்) மூன்று மணி நேரத்தில் 1,50,000. அருங்காட்சியகத்தில் ஒரு வருடம் தாங்க வேண்டிய வெளிச்சத்தை வெயில் ஒரே காலையில் கொட்டிவிடுகிறது. வெளிச்சம் செய்த சேதம் கூடிக்கொண்டேதான் போகும். இருட்டில் வைத்தால் மேற்கொண்டு ஏறாது, ஆனால் ஏறியது இறங்காது.

நீ உடனே கேட்பாய், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறதே என்று. இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரில் ஏறக்குறைய பாதியைத்தான் தடுக்கும், தடுப்புப் பூச்சு உள்ளவை 99 சதவீதம்வரை தடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தைத் தின்னும். நல்ல கண்ணாடி போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதே. என்னைக் கேட்டால் கண்ணாடியைவிட அக்ரிலிக் தகடு மேல். கீழே விழுந்தால் கண்ணாடி உடைந்து படத்தையே கிழித்துவிடும். அக்ரிலிக்கில் மின்னூட்டம் ஏறித் தூளை இழுக்கும் என்பதால் கரிக்கோல் படத்துக்கு ஆகாது, மைக்குப் பாதகமில்லை. அதை ஈரத் துணியால் மெதுவாகத் துடை, அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும்.

பிரேமுக்குள் இருந்ததைக் கேள். பின்னால் கொடுத்திருந்தது சாதாரண மரக்கூழ் அட்டை. மவுண்டும் அதே ஜாதி. வெட்டிய ஓரம் பழுப்பேறி, அந்தப் பழுப்பு படத்தைச் சுற்றிலும் ஒரு கட்டமாக இறங்கியிருக்கிறது. அட்டையின் அமிலம் காகிதத்தைச் சுட்ட தழும்பு அது. மேல் விளிம்பு நெடுக செல்லோ டேப். அதன் பசை காகிதத்துக்குள் ஊறித் தேன் நிறமாகிவிட்டது. மவுண்டின் ஜன்னல், அதாவது படம் தெரிவதற்காக நடுவில் வெட்டிய திறப்பு, அளவோடு பொருந்தவில்லை என்று அடியில் விளிம்பைக் கொஞ்சம் மடித்தும் விட்டிருந்தார்கள்! பிரேம் போட்டவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. காலண்டருக்குப் போடுவதுபோல அவர் போட்டார். இது வேறு பொருள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நீ புதிதாகப் போடும்போது சொல்லிக் கேட்க வேண்டியதை எழுதுகிறேன். மவுண்டும் பின் அட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும், பருத்தி நாரில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது. படத்தை டேப்பால் ஒட்டவே கூடாது. ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு சின்னத் துண்டு வெட்டி, கோதுமை மாவின் ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால் மேல் விளிம்பின் பின்புறம் மட்டும் ஒட்டித் தொங்கவிட வேண்டும். ஈரக்காற்றில் காகிதம் விரியும், வறண்டால் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். நாலு பக்கமும் இறுக்கி ஒட்டினால் அலையலையாக எழும்பும். இந்தப் பசையை எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். பசையே வேண்டாம் என்றால் பாலியெஸ்டர் மூலைகளில் செருகி வைக்கலாம். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, இடையில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். பலகையோடு பலகையாகச் சூட்டில் அழுத்தி ஒட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடு.

அளவு விஷயத்தில் நீ அவசரப்படுவாய், எனக்குத் தெரியும். ஏ3 பிரேம் வாங்கிவிடாதே. உன்னிடம் உள்ள அந்த அமெரிக்கப் பக்கம் 11 அங்குலத்துக்கு 17 அங்குலம் அட்டை, ஏ3 உயரம் பதினாறரை அங்குலம்தான். அந்த அரை அங்குலத்துக்காகப் பக்கத்தை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். 1967 வாக்குவரை அங்கே அச்சளவைப் போல இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தார்கள், அதற்குப் பிறகுதான் ஒன்றரை மடங்காகக் குறைத்துக்கொண்டார்கள். அதனால் பழைய பக்கம் கைக்கு வந்தால் முதலில் அளந்து பார்.

இனி, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்த சமாசாரம்.

உள்பக்கத்துப் பிரேமை ஏன் பிரித்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், மூன்றாவது கட்டத்தில் வசனம் எழுதிய பேச்சுப் பலூன் இல்லை. கண்ணாடிக்குள்ளே அடியில் சாய்ந்து கிடக்கிறது. "நில்!" என்ற நம் பலூன். பழைய ரப்பர் பசை காய்ந்து தூளாகி உதிர்ந்துவிட்டது. அந்தக் காலத்து ஒட்டுத் திருத்தங்களுக்கெல்லாம் இதுதான் கதி என்று வல்லுநர் சொன்னார்.

அச்சில் இந்தப் பக்கத்தைப் படித்த எட்டாம் வகுப்பிலிருந்து நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. பலூனில் "நில்!" என்று இருக்கிறது, அதைச் சொல்கிறவனோ பையனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறான். ஓவியர் தப்பாக வரைந்துவிட்டார் என்று நான் சொல்வேன். படம் சரி, எழுத்துதான் தப்பு என்று நீ சொல்வாய். கணக்கு வாத்தியார் வெளியே நிறுத்திய பிறகும் தாழ்வாரத்தில் அதையே பேசினோம். பலூன் ஒட்டியிருந்த இடத்தில், நண்பா, பழைய பலூன் ஒன்று இருக்கிறது. அதற்குள் மையில் எழுதிய ஒரு சொல். "ஓடு!"

நீ சொன்னதே சரி. ஓவியர் "ஓடு" என்று தந்த கதைக்குத்தான் வரைந்திருக்கிறார், பிறகு எவரோ வசனத்தை மாற்றி மேலே ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கையைப் பார், விரல் நுனிகள் அழுத்தமாக, மணிக்கட்டு முன்னோக்கி மடிந்திருக்கிறது. அது தள்ளுகிற கைதான். முப்பது வருடமாக ஒரு நல்ல ஓவியரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மவுண்டை எடுத்ததும் விளிம்பெல்லாம் கிடைத்தது. வலப்பக்கத்தில் தூரிகையைத் துடைத்துப் பார்த்த கோடுகள், ஏழெட்டு, ஒன்றைவிட ஒன்று மெல்லியது. கீழே வெளிர் நீலப் பென்சிலில் ஒரு சின்ன அம்பும் பக்க எண்ணும். அச்சுக்கான படப்பிடிப்பில் அந்த நீலம் பதியாது என்பதால் அந்தக் காலத்தில் அதில்தான் கோடு போட்டு வரைவார்கள். தப்பான இடத்தில் வெள்ளை மை பூசித் திருத்தியதும் தெரிகிறது, சாய்த்துப் பிடித்தால் மேடாக நிற்கிறது. அச்சில் இதெல்லாம் கிடையாது. மூலச் சித்திரத்தை வைத்திருப்பதே இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். அதைப் போய் அட்டைக்கு அடியில் மூடிவைத்திருந்தேன். உன்னுடையவற்றுக்கு மவுண்டின் ஜன்னலைப் பக்கத்தைவிடப் பெரிதாக வெட்டச் சொல், நாலு விளிம்பும் தெரியட்டும்.

எங்கே மாட்டுவது என்பதில் என் அபிப்பிராயம், கூடம் வேண்டாம். மாடிக்குப் போகும் வழியில் ஜன்னல் இல்லாத நடை ஒன்று இருப்பதாக எழுதியிருந்தாயே, அதுதான் சரியான இடம். காமிக்ஸ் பக்கம் தூரத்திலிருந்து பார்க்கிற பொருள் இல்லை, கிட்டே போய்ப் படிக்கிற பொருள். குறுகலான நடையில் மனிதன் தானாகக் கிட்டே நிற்பான். வழக்கமான உயரத்தைவிட ஒரு சாண் தாழ்த்தி மாட்டு. வெளிச்சுவர் வேண்டாம், குளியலறைச் சுவருக்கு மறுபக்கமும் வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சியும் வரும். பிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும். நடைக்கு எல்இடி விளக்கு போதும், ஆள் வரும்போது மட்டும் எரியட்டும்.

மூலத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு நகலை மாட்டு என்று சிலர் சொல்கிறார்கள். சாய மைப் படங்களுக்கு நானும் அதையே சொல்வேன். 1936இல் எர்ழே வரைந்த டின்டின் அட்டைப்படம் ஒன்று மடித்த நிலையில் பல காலம் இழுப்பறையில் கிடந்ததாம். 2021இல் அது முப்பது லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது, மடிப்புக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. மடித்தது கொடுமைதான், ஆனால் இழுப்பறையின் இருட்டு வண்ணத்துக்கு என்ன செய்திருக்கும் என்று என் மேலங்கியைப் பார்த்த பிறகு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கறுப்பு மைப் பக்கங்களுக்கு அந்தச் சிறை வேண்டாம். மூன்று மாதம் சுவரில், மிச்ச மாதங்கள் அமிலமற்ற பெட்டியில் என்று முறை வைத்து மாற்று. குதிரையை விட்டால் உன்னிடம் இரண்டு, என்னிடம் ஒன்று. சுற்றுக்கு விட்டால் நம் இருவர் சுவரும் காலியாக இருக்காது. யோசித்துச் சொல்.

அட்டைப்படத்தை எறிந்துவிட மாட்டேன், பயப்படாதே. அமிலமற்ற உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். அந்த நாலு மில்லிமீட்டர் சிவப்பை மட்டும் நீ வந்து பார்க்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதைக் காகிதத்தில் சொன்னதற்கும் மன்னித்துக்கொள்.

பலூனை இன்னும் ஒட்டவில்லை. அது அச்சில் வந்த வசனம், பக்கத்தின் சரித்திரம், அதனால் இருந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும் என்கிறார் வல்லுநர். ஒரே ஓரத்தில் ஜப்பானியக் காகிதத்தால் பிணைத்துக் கதவுபோல ஆக்கித் தருகிறாராம், பிரேமைத் திறந்தால் தூக்கிப் பார்க்கலாம். ஆனால் சுவரில் இருக்கும்போது எது தெரிய வேண்டும், "நில்"லா "ஓடு"வா? பக்கத்தைக் கொடுத்தவன் நீ, சண்டையில் ஜெயித்தவனும் நீ. பலூன் ஒரு சின்ன பாலியெஸ்டர் உறைக்குள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நீ சொல்லும்வரை அதைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்