குழிக்குள் ஆளை இறங்க விடாத தெருவாருக்கு நன்றி

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய வியாசர்பாடித் தெருவாசிகளுக்கு வணக்கம்.

கடந்த மழைக்காலத்தில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கழிவுநீர் வாசற்படி வரை ஏறி நின்றபோது, ஒப்பந்ததாரர் ஒருவர் கயிறும் வாளியுமாக ஒரு தம்பியை அழைத்து வந்து மூடியைத் திறக்கச் சொன்னார். அவரைத் தடுத்து, மூடியைச் சுற்றி நின்றுகொண்ட தாய்மார்களுக்கே இம்மடலின் முதல் நன்றி உரியது. அடைப்பெடுக்கும் இயந்திர வண்டி வந்து சேரும்வரை நாற்றத்தையும் கொசுவையும் பொறுத்துக்கொண்டு, குழந்தைகளை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, கீழ்த்தள வீடுகளுக்கு மாடியிலிருந்து சோறு கொடுத்தனுப்பி நீங்கள் காத்திருந்தீர்கள். ஒப்பந்ததாரரை எதிர்த்துப் பேசியதைவிட இந்தக் காத்திருப்பே கடினமானது என்பது என் எண்ணம். ஏனெனில், ‘இந்த ஒரு முறை மட்டும் இறக்கிவிடலாமே’ என்ற நினைப்பு ஒவ்வோர் இரவும் எல்லார் மனத்திலும் எழத்தான் செய்தது.

அந்த நினைப்பைத் தடுத்தவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா முதன்மையானவர். பாதுகாப்பின்றிச் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவதை, மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையை ஒழிக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை செய்வதையும், அவசர நிலையிலும் அது குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியதையும், குழியில் இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை அதே நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியதையும் அவர் வீடு வீடாகச் சென்று சொன்னார். தம் சித்தப்பாவைக் குழியில் பறிகொடுத்த ஆட்டோ ஓட்டுநர் அண்ணன், உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு மிகுந்தால் அதன் நாற்றத்தை உணரும் ஆற்றலையே மூக்கு இழந்துவிடும் என்று விளக்கியபின் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அன்றைய கூலியை இழந்தும் எங்கள் சொல்லுக்கு இசைந்த அந்தத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தெருவார் திரட்டிக் கொடுத்த பணத்தை முதலில் அவர் வாங்க மறுத்தார். இன்று மற்ற தெருக்களுக்குத் தம்மை அழைப்போரிடமும் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்.

பக்கத்துப் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், சங்கம் வைக்கும் உரிமைக்குச் சட்டக் காப்புக் கிடைக்க 1926 வரை பொறுத்திருந்தது. நம் வேலையும் ஒரு மழைக்காலத்தில் முடியக்கூடியதன்று. இப்பகுதிக்கு எத்தனை இயந்திர வண்டிகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதித் தந்த வழக்கறிஞர் தங்கைக்கும் நன்றி. முப்பது நாளில் வரவேண்டிய பதில் வராததால், இரண்டாம் மேல்முறையீடு மாநிலத் தகவல் ஆணையத்தில் நிலுவையில் உள்ளது. விசாரணை நாள் தெரிந்ததும் படிப்பகப் பலகையில் எழுதி வைக்கிறேன். வரக்கூடியவர்கள் உடன் வரவேண்டுகிறேன்.

நன்றியுடன்,
தெருவாசிகளுள் ஒருவன்,
வியாசர்பாடி, வடசென்னை