ஞாயிறு மீட்டிங், பைக் திருட்டு விஷயமா

எல்லாருக்கும் வணக்கம். புதன் ராத்திரி பார்க்கிங்ல பைக் பூட்டை உடைச்சவனைப் பிடிச்சது சரிதான், ஆனா தூண்ல கட்டி வச்சு ஆளாளுக்கு கை வச்சதும் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டதும் ரொம்ப தப்பு, அவனுக்கு ஏதாவது ஆயிருந்தா நாமதான் கோர்ட்டுக்கு அலையணும்.

மீட்டிங்: ஞாயிறு சாயந்திரம் 6 மணி, மொட்டை மாடி. அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டு வாங்க:

1. 2024 ஜூலை 1ல இருந்து சிஆர்பிசிங்கிற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பிஎன்எஸ்எஸ்ங்கிற புதுச் சட்டம் வந்தாச்சு. அதுல பிரிவு 40 படி நாமளும் ஒருத்தரைப் பிடிக்கலாம், ஆனா ஜாமீன்ல வர முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றத்தை நம்ம கண்ணு முன்னாடி செஞ்சிருக்கணும். "ஆளைப் பார்த்தாலே தெரியுது"ங்கிறதெல்லாம் செல்லாது. (போன மாசம் கூரியர் பையனை மடக்கினது ஞாபகம் இருக்கா?)
2. பிடிச்சா 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். டைம் இருக்கேன்னு நாம விசாரணை நடத்தக் கூடாது, உடனே 112.
3. அடிக்கிற உரிமை யாருக்கும் இல்ல, போலீசுக்கும் இல்ல.
4. 5 பேரோ அதுக்கு மேலயோ கூடி அமைதி கெடுற மாதிரி இருந்தா கலைஞ்சு போகச் சொல்ல போலீசுக்கு பிரிவு 148ல அதிகாரம் இருக்கு, சொன்னா கிளம்பிடுங்க.
5. வீடியோவை ஸ்டேட்டஸ்ல இருந்து எடுங்க, போன்ல இருந்து அழிக்காதீங்க, போலீஸ் கேட்கலாம்.

வீட்டுக்கு ஒருத்தராவது வரணும். வர்றவங்க சனிக்கிழமைக்குள்ள பிளாட் நம்பர் போட்டு ரிப்ளை பண்ணுங்க, வெறும் கட்டைவிரல் போட்டா கணக்குல வராது.